அமெரிக்காவுல லேண்ட்ஸ்கேப் மாஸ்டர்ஸ்: அர்பன் டிசைன் பக்கம் போகணும்னு நினைக்கிற தம்பிக்கு

தம்பி, உங்க கேள்வி இதுதானே: பி.ஆர்க் முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல ஒரு ஆபீஸ்ல ஏரிக்கரை வேலை பாத்துட்டு இருக்கீங்க, அமெரிக்காவுல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் மாஸ்டர்ஸ் படிக்கணும், ஆனா தோட்டம் போடுற வேலை வேணாம், தெரு, ஆத்தங்கரை, பொது இடம்னு நகரத்து வேலையா இருக்கணும், ஹார்வர்டு, பென் (பிலடெல்பியாவுல இருக்கிற பென்சில்வேனியா யுனிவர்சிட்டி), பெர்க்லி இதுல எதுன்னு. நான் பிலடெல்பியாவுல இதே தொழில்லதான் இருக்கேன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

ரேங்கிங்க கொஞ்சம் ஓரமா வைங்க, முதல்ல டிகிரி பேர பாருங்க. இங்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்க லைசன்ஸ் வேணும், அம்பது ஸ்டேட்லயும் இது உண்டு. அர்பன் டிசைனர்னு தனியா ஒரு லைசன்ஸே கிடையாது. அதனால எல்ஏஏபி (லேண்ட்ஸ்கேப் கோர்ஸ்களுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு) அங்கீகாரம் உள்ள எம்எல்ஏ, அதாவது மாஸ்டர் ஆஃப் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் டிகிரி கையில இருந்தா அர்பன் டிசைன் வேலைக்கும் போகலாம், பின்னாடி எல்ஏஆர்இங்கிற லைசன்ஸ் பரீட்சை எழுதி டிராயிங்ல கையெழுத்தும் போடலாம். அர்பன் டிசைன் டிகிரி மட்டும் வச்சுக்கிட்டு அதே வழியில போறது ரொம்ப கஷ்டம். இந்தியாவுல லைசன்ஸ் வாங்கிட்டோமே, இங்க பாத்துக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி நேரா மாத்திக்க முடியாது தம்பி.

பெர்க்லியோட மாஸ்டர் ஆஃப் அர்பன் டிசைன் ஒரே வருஷம், நல்ல கோர்ஸ்தான், ஆனா ஏற்கனவே தொழில்ல ஊறினவங்களுக்கு. ஹார்வர்டுல எம்எல்ஏயுடின்னு, அதாவது அர்பன் டிசைன்ல எம்எல்ஏன்னு ஒண்ணு இருக்கு, பேரப் பாத்ததும் இதுதான் நமக்குன்னு தோணும், ஆனா அது ஏற்கனவே லேண்ட்ஸ்கேப்ல ப்ரொஃபஷனல் டிகிரி முடிச்சவங்களுக்கு. பி.ஆர்க் ஆளுக்கு அதே டிபார்ட்மென்ட்ல எம்ஏயுடி, அதுல வர்றது அர்பன் டிசைன் டிகிரி, லேண்ட்ஸ்கேப் டிகிரி இல்ல. உங்களுக்குப் பொருந்துறது ஹார்வர்டுலயே எம்எல்ஏ ஒன் ஏபிங்கிற ட்ராக், ஏற்கனவே ஆர்க்கிடெக்சர் டிகிரி இருக்கிறவங்களுக்கான எம்எல்ஏ. பென்ல ஆர்க்கிடெக்சர் படிச்சவங்களுக்கு ரெண்டு வருஷம், வேற படிப்பு படிச்சவங்களுக்கு மூணு. உங்க பி.ஆர்க்க அவங்க அந்த ரெண்டு வருஷக் கணக்குல எடுத்துக்குவாங்களான்னு அப்ளை பண்றதுக்கு முன்னாடியே மெயில் போட்டு பதில் எழுத்துல வாங்கிக்கோங்க, ஏன்னா ஒரு வருஷ ஃபீஸ்ங்கிறது ஊர்ல ஒரு வீட்டுக்கான அட்வான்ஸ்.

அடுத்தது விசா. 2023 ஜூலையில லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர அமெரிக்க அரசோட ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு) லிஸ்ட்ல சேத்தாங்க, கோடு 04.0601. அதனால ஓபிடி (படிப்பு முடிச்சதும் மாணவர் விசாவுலயே வேலை பாக்குற அனுமதி) ஒரு வருஷத்தோட இன்னும் 24 மாசம் கேக்கலாம், அதாவது மார்ச்சுல நடக்குற ஹெச்1பி வேலை விசா லாட்டரிக்கு ஒரு மார்ச்சுக்குப் பதிலா மூணு மார்ச் கிடைக்கும். அர்பன் டிசைன் டிகிரிக்கு ஒவ்வொரு ஸ்கூலும் ஒவ்வொரு கோடு போடுது, சிலது ஸ்டெம், சிலது இல்ல. ஐ-20ல (விசாவுக்காக ஸ்கூல் தர்ற பேப்பர்) என்ன நம்பர் வரும்னு இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேளுங்க, வெப்சைட்ல ஸ்டெம்னு போட்டிருந்தா கூட கேளுங்க.

இனி படிப்புக்கு வர்றேன், எனக்கு மனசுக்கு நெருக்கமானது இதுதான். நகர வேலைன்னா மேலோட்டமா மாஸ்டர் பிளான் போடுறது, அழகா ரெண்டர் பண்றதுன்னு நினைச்சு வர்ற பசங்க இங்க ஆபீஸ்ல திணறுறாங்க. பிலடெல்பியா பழைய ஊரு, ஊர்ல பெரும்பகுதி மழைத்தண்ணியும் சாக்கடையும் ஒரே குழாய்லதான் போகுது, பெருமழை வந்தா ரெண்டும் சேந்து ஆத்துல கலக்கும். அதுக்கு பெரிய பெரிய சுரங்கம் தோண்டாம தெருவுலயும் பள்ளிக்கூட கிரவுண்டுலயும் பார்க்கிங்லயும் தண்ணிய மண்ணுக்குள்ள இறக்குறதுன்னு 2011ல 25 வருஷத் திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கிரீன் சிட்டி கிளீன் வாட்டர்ஸ்னு பேரு. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு நிறைய வேலை இந்த வழியாத்தான் வருது. நடைபாதையில ஒரு மரக்குழி வரையணும்னா அடியில கேஸ் லைன் எங்க போகுது, மண்ணு எவ்வளவு தண்ணி இழுக்கும், குளிர்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்ப எந்தச் செடி தாங்கும், வீல்சேர் போக சரிவு எவ்வளவு விடணும், எல்லாம் தெரியணும். எல்ஏஆர்இல நாலு பகுதி, அதுல ஒரு பகுதி முழுக்க கிரேடிங் (நிலத்தோட மட்டமும் சரிவும் அமைக்கிறது), டிரெய்னேஜ், ஸ்டார்ம்வாட்டர் (மழைத்தண்ணி)தான்.

அதனால ஒவ்வொரு ஸ்கூல்லயும் ரெண்டு விஷயம் தேடுங்க. கிரேடிங், செடி, மண்ணு வகுப்பு எத்தனை செமஸ்டர், யாரு எடுக்குறாங்க. போன மூணு வருஷ ஸ்டூடியோ, அதாவது ஒரு இடத்த எடுத்து டிசைன் பண்ற வகுப்பு, எந்த இடத்துல நடந்துச்சு. நடந்தோ பஸ்லயோ போய்ப் பாக்குற இடமா, மழை பெய்யும்போது போய் நிக்க முடியுமா, இல்ல வெளிநாட்டுக்கு ஒரு வாரம் கூட்டிட்டுப் போயி போட்டோ எடுத்துட்டு வந்து வரையிறதா. பென்ல அங்க பாடம் எடுத்த லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் இயன் மெக்ஹார்க் காலத்துலேர்ந்தே மண்ணு, தண்ணி, சரிவுன்னு ஒவ்வொண்ணையும் தனித்தனி மேப்பா போட்டு ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாக்குற பழக்கம், அது எனக்குப் பிடிக்கும். ஹார்வர்டு போனீங்கன்னா பக்கத்துல பாஸ்டன்ல, அந்தக் காலத்து லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஓம்ஸ்டெட் போட்ட எமரால்டு நெக்லஸ்ங்கிற பார்க் வரிசை முழுக்க நடந்தே பாக்கலாம், சகதியும் வெள்ளமுமா இருந்த இடத்த பார்க்கா மாத்தினது, அதவிட நல்ல பாடம் எந்த வகுப்புலயும் கிடையாது. சியாட்டில்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டியையும் லிஸ்ட்ல சேருங்க, நம்ம ஊர்ல பேரு தெரியாதுங்கிறதுக்காக விட்டுராதீங்க. கார்னெல் இருக்கிற இதாகா சின்ன ஊரு, நகர வேலைக்குத் தோதில்லன்னு தோணும், ஆனா தெரு மரத்துக்கான ஸ்ட்ரக்சுரல் சாயில் (நடைபாதை பாரத்தையும் தாங்கி, மர வேரும் போக இடம் விடுற மண் கலவை) அங்கதான் உருவாச்சு, மண்ணையும் மரத்தையும் அவ்வளவு ஆழமா சொல்லித் தர்ற இடம் குறைவு.

போர்ட்ஃபோலியோவுல உங்க ஏரிக்கரை வேலைய பார்க் மாதிரி காட்டாதீங்க. கலிங்கு (ஏரி நிறைஞ்சா தண்ணி வழியுற இடம்) எந்த மட்டத்துல, மதகு எங்க, வாய்க்கால் எங்கேர்ந்து வருது, உபரித் தண்ணி அடுத்த ஏரிக்கு எப்படிப் போகுதுன்னு பெரிய செக்ஷன் (குறுக்குவெட்டுப் படம்) ஒண்ணு கையாலயே வரைஞ்சு போடுங்க. இங்க அட்மிஷன் ஜூரில உக்கார்றவங்க பாக்குற போர்ட்ஃபோலியோவுல பாதி ஒரே மாதிரி ரெண்டரிங், தண்ணி மட்டத்தோட வர்ற டிராயிங் அவங்கள நிறுத்திப் பாக்க வைக்கும்.

பணத்த நேராவே சொல்லிடறேன். பெரிய பிரைவேட் ஸ்கூல் ரெண்டு வருஷம், ஸ்காலர்ஷிப் இல்லேன்னா சாப்பாடு வாடகையோட சேத்து ஒரு கோடியைத் தாண்டிடும். இந்தத் தொழில்ல ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் சம்பளம் கிடையாது, சொத்த அடமானம் வச்சு அந்த லோன் எடுக்குறதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன். ஸ்டேட் யுனிவர்சிட்டில டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் கிடைச்சு ட்யூஷன் தள்ளுபடி ஆகுதுன்னா கண்ண மூடிட்டு அங்க போங்க, எல்ஏஏபி அங்கீகாரம் ஒண்ணுதான், பரீட்சையும் ஒண்ணுதான். அட்மிட் வந்த கையோட ஆஃபர் லெட்டர்ல ஃபண்டிங் முதல் வருஷத்துக்கு மட்டுமா ரெண்டு வருஷத்துக்கும்மான்னு பாருங்க, வேற ஸ்கூல் கூடுதலா குடுத்திருந்தா அதச் சொல்லி மரியாதையா கேளுங்க, இங்க அது தப்பு கிடையாது. நிறைய ஸ்கூல் பதில் கேக்குற கடைசி நாள் ஏப்ரல் 15, அதுக்குள்ள இப்போ அங்க படிக்கிற ரெண்டு பேர்கிட்டயாவது போன்ல பேசிடுங்க.