வீட்டில் கட்டிய விமானத்தில் எஞ்சின் மாற்றுவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்களில் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கும் நம்மவர்கள் நிறைய பேர். அவர்களில் பலருக்கு அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் கட்டும் உறவினரோ நண்பரோ இருக்கிறார். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்த வழியாக வந்தவைதான்.

என் மச்சான் டெக்சாஸில் ஆர்வி-6 (பாகங்களை வாங்கி வீட்டிலேயே கட்டும் சிறு விமானம்) வைத்திருக்கிறார். 160 குதிரைத்திறன் ஓ-320 எஞ்சினைக் கழற்றிவிட்டு 180 குதிரைத்திறன் ஓ-360 போடப் போகிறார். எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வேண்டுமா? (ஈசூன்)

மச்சானிடம் முதலில் அவர் விமானத்தின் 'ஆப்பரேட்டிங் லிமிடேஷன்ஸ்' (பறக்கும் கட்டுப்பாடுகள்) தாள்களை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பறக்கும் தகுதிச் சான்றிதழோடு சேர்ந்த தாள்கள் அவை. எஞ்சின் மாற்றினால் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். எப்போது கொடுக்கப்பட்டவை என்பதைப் பொறுத்து வாசகம் மாறும். பழைய தாள்கள் சிலவற்றில், எஃப்ஏஏவின் எழுத்துபூர்வமான பதில் கைக்கு வரும்வரை பறக்கக் கூடாது என்று இருக்கும். ஒரே கொட்டகையில் நிற்கும் இரண்டு ஆர்வி-6களுக்கு வேறு வேறு நடைமுறை இருக்கலாம். அதனால் பக்கத்து விமானக்காரர் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

எடை, சமநிலை, உறுதி, நம்பகத்தன்மை, பறக்கும் குணம் ஆகியவற்றை மாற்றம் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்காவிட்டால் அது சிறு மாற்றம். மற்றதெல்லாம் பெரிய மாற்றம் என்கிறது அமெரிக்க விமான விதிகளின் 21.93-ஆம் விதி. மச்சான் செய்யப்போவது பெரிய மாற்றம்தான். அண்மைக்காலத் தாள்களின்படி, மாற்றத்தை லாக்புக்கில் (விமானத்தின் பதிவேட்டில்) விவரமாக எழுதி, சோதனை எங்கே நடத்தப்போகிறார் என்று வட்டார எஃப்ஏஏ அலுவலகத்துக்குத் தெரிவித்து, அந்த இடத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு குறைந்தது 5 மணி நேரம் சோதனை. பகலில், தெளிவான வானிலையில், ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியில் மட்டும். பயணி யாரும் கூடாது. உங்கள் அக்காவாக இருந்தாலும் சரி. முடிந்ததும் விமானம் எல்லா வேகத்திலும் கட்டுக்குள் இருக்கிறது, ஆபத்தான குணம் எதுவும் இல்லை என்று விமானி எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது), மேலேறும் வேகங்கள், அவற்றை அளந்தபோது இருந்த எடை, ஈர்ப்பு மையம் எல்லாம் அதில் வரும்.

அதே மாடல் எஞ்சினை ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சீரமைப்பு) செய்து திரும்பப் போட்டால்? (தெம்பனிஸ்)

அது பெரிய மாற்றம் ஆகாது. லாக்புக்கில் எழுதினால் போதும். ஆனால் அந்தச் சாக்கில் ப்ரொப்பெல்லரையும் இதழ்களின் கோணம் மாறாத வகையிலிருந்து கோணம் மாற்றக்கூடிய வகைக்கு மாற்றினால் கதை வேறு. அதற்கும், பிஸ்டன் எஞ்சினை எடுத்துவிட்டு டர்பைன் போடுவதற்கும் 8130-6 படிவத்தை (பறக்கும் தகுதிச் சான்றிதழுக்கான விண்ணப்பம்) திருத்தி அனுப்ப வேண்டும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பொறியியல் படிக்கிறேன். புது விமானத்துக்கு 25 அல்லது 40 மணி நேரச் சோதனை என்று படித்தேன். எஞ்சினுக்கு 5 மணி நேரம் போதுமா?

நல்ல கேள்வி, தம்பி. 5 என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். நானாக இருந்தால் அதோடு நிறுத்த மாட்டேன், தரையிலேயே நிறைய வேலையை முடித்துவிடுவேன்.

முதலில் எடை. பழைய எடைத்தாளில் கூட்டிக் கழிக்காமல், மூன்று சக்கரங்களையும் தராசில் ஏற்றிப் புதிதாக நிறுக்க வேண்டும். மூக்கில் கூடும் சில கிலோ ஈர்ப்பு மையத்தை முன்னே இழுத்துவிடும்.

அடுத்தது எரிபொருள் ஓட்டம். பம்ப் வைத்த அமைப்பில், முழு சக்தியில் எஞ்சினுக்குத் தேவையானதில் 125 சதவீதமாவது வர வேண்டும். தொட்டியிலிருந்து தானாக இறங்கும் அமைப்பென்றால் 150 சதவீதம். மணிக்கு 60 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்குப் பம்ப் வழியாக 75 லிட்டர் வர வேண்டும், அதுவும் விமானம் மிகச் சரிவாக ஏறும்போது இருக்கும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி வைத்து அளந்தபோது. சமதளத்தில் நன்றாக ஓடிய எரிபொருள் புறப்பட்டு ஏறும்போது வற்றினால், திரும்பி இறங்க உயரம் இருக்காது. நான் ரொம்பக் கவலைப்படுவது இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களைப் பற்றித்தான்.

இன்னொன்று: குதிரைத்திறன் கூடிவிட்டது என்பதற்காக, விமானம் தாண்டக் கூடாத உச்ச வேகம் உயர்ந்துவிடாது. இறக்கையும் வாலும் பழையவைதானே!

சிங்கப்பூரில் விமானப் பராமரிப்பு உரிமம் வைத்திருக்கிறேன். லீவில் போய் நண்பருக்கு நானே மாற்றித் தரலாமா? (உட்லண்ட்ஸ்)

வேலையைச் செய்யலாம். சொந்தமாகக் கட்டியதாகவே சான்றிதழ் பெற்ற விமானத்துக்கு, யார் பழுது பார்க்கலாம் என்று வரையறுக்கும் அமெரிக்க விமான விதிகளின் 43-ஆம் பகுதி பொருந்தாது. ஆனால் 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில் உங்கள் கையெழுத்து செல்லாது. அதற்கு அமெரிக்க ஏ அண்ட் பி மெக்கானிக் (விமான உடல், எஞ்சின் இரண்டுக்கும் சான்று பெற்றவர்) வேண்டும், இல்லையென்றால் அந்த விமானத்துக்குப் பொருந்தும் ரிப்பேர்மேன் சான்றிதழ் உள்ளவர், பெரும்பாலும் அதைக் கட்டியவர், வேண்டும்.

செஸ்னா 172-க்கும் இதே விதிதானா? (ஜூரோங்)

இல்லை. அது தொழிற்சாலையில் தயாராகி, மாடலின் வடிவமைப்புக்கே ஒப்புதலான வகைச் சான்றிதழ் பெற்ற விமானம். வேறு மாடல் எஞ்சின் போட, துணை வகைச் சான்றிதழ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்பு ஒப்புதல் வேண்டும்.

வீட்டில் கட்டிய விமானம் ஒன்றை அமெரிக்காவில் வாங்கி இங்கே கொண்டுவந்து பறக்கலாமா? (பொங்கோல்)

தனி ஆளாக அமெரிக்காவில் பதிவு செய்ய அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரவாசமோ தேவை. தவிர, 1944 சிக்காகோ உடன்படிக்கையின்படி, அனைத்துலகக் குறைந்தபட்சத் தரத்துக்குக் கொடுத்த சான்றிதழைத்தான் மற்ற நாடுகள் ஏற்றாக வேண்டும். வீட்டில் கட்டிய விமானத்துக்குக் கிடைக்கும் எக்ஸ்பெரிமென்டல் (சோதனை வகை) சான்றிதழ் அந்த வகை இல்லை; வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன் நம் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.