மேப்பிள் மரத்தில் சாறு குளிர்காலக் கடைசியில் மட்டும் வடிவது ஏன்?

மேப்பிள் சாறு என்பது மரத்தண்டுக்குள் இருக்கும், லேசாக இனிக்கும் தண்ணீர். அதைக் காய்ச்சிச் சுண்டவைத்தால் சிரப். கனடாவின் கியூபெக், அமெரிக்காவின் வெர்மான்ட் பக்கங்களில் பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் சாறு இறக்குவார்கள்.

காரணம், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வருவது. இரவில் தண்டுக்குள் பனிக்கட்டி உருவாகும்போது மரநார்களில் உள்ள காற்று நசுங்கி அடைபடுகிறது. வேரிலிருந்து தண்ணீரும் மேலே இழுக்கப்படுகிறது. பகலில் பனி உருகியதும் அந்தக் காற்று விரிந்து சாற்றை வெளியே தள்ளுகிறது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரிதான், ஆனால் சொட்டுச் சொட்டாக. இரவு உறையவில்லையா, மறுநாள் வாளி காலி.

வீட்டளவில் செய்ய ஓர் அடி விட்டமுள்ள மரம், சுமார் 4 செ.மீ. ஆழத்தில் ஒரு துளை, குழாய், வாளி போதும். சிரமமெல்லாம் அடுப்பில்தான். சர்க்கரை 2 சதவீதம் அளவே இருப்பதால் 1 லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். கொதிநிலை 104 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்கலாம். தயவுசெய்து வெளியில் காய்ச்சுங்கள், அத்தனை நீராவியும் சமையலறைச் சுவரில் படியும்!

துளை போட்டால் மரம் பட்டுப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவோடு துளையிட்டால் மரம் அந்தக் காயத்தைத் தானே அடைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் சாறு தரும்.