பாதோபிலாஸ்: பள்ளத்தாக்கின் அடியில் ஒரு வெள்ளி ஊர் – கேள்வி பதில்

வடமெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில், மேற்கு சியெரா மாத்ரே மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் பாதோபிலாஸ் முனிசிபாலிட்டியைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: முனிசிபாலிட்டி என்கிறீர்கள், ஆனால் காடும் மலையும்தானே இருக்கிறது?

அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. ஒரு தலைமை ஊர், சுற்றிலும் சிதறிக் கிடக்கும் மலைக் குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு முனிசிபாலிட்டி. தாலுகா என்று நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரி.

கே: மலை ஊர் என்றால் குளிருமே, மாம்பழம் எப்படி விளைகிறது?

ஊர் மலைமேல் இல்லை, மலைக்கு அடியில் இருக்கிறது! பள்ளத்தாக்கின் ஆழம் சுமார் 1,800 மீட்டர். மேலே பைன், ஓக் காடு. குளிர்காலத்தில் பனி விழும். கீழே ஆற்றங்கரையில், 500 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், மாம்பழமும் பப்பாளியும். ராராமுரி பழங்குடியினரில் பல குடும்பங்கள் கோடையில் மேலேயும் குளிர்காலத்தில் கீழேயும் வாழ்ந்தது இதனால்தான். ஸ்பானியர்கள் அவர்களைத் தாராஉமாரா என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் ராராமுரிகள் ஸ்பானியர்களை எதிர்த்துக் கலகமும் செய்து பார்த்தார்கள். அப்புறம் இந்தப் பள்ளங்களே அவர்களுக்கு அரண்.

கே: இவ்வளவு ஆழத்துக்கு வெளியாட்கள் ஏன் இறங்கினார்கள்?

வெள்ளிக்காகத்தான். 1632இல் ஸ்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். இங்கே சில இடங்களில் வெள்ளி தாதுவாக இல்லாமல் உலோகமாகவே, பாறைக்குள் கம்பி கம்பியாகக் கிடைத்தது. எடுப்பதைவிட வெளியே கொண்டுபோவதுதான் பெரும்பாடு: வெள்ளிக் கட்டிகளைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி, சிவாவா நகரம்வரை நாள்கணக்கில் நடக்கவேண்டும்.

கே: அமெரிக்காக்காரர் ஒருவர் இங்கே ராஜா மாதிரி இருந்தாராமே, அண்ணா?

அலெக்சாண்டர் ஷெப்பர்ட். எனக்கு இந்த ஊர்க் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி. வாஷிங்டன் நகரத்தின் ஆளுநராக இருந்து, அதற்குச் சாலையும் சாக்கடையும் போட்டவர். போட்ட வேகத்தில் கஜானா காலி. 1874இல் அவர் ஆண்ட நிர்வாக அமைப்பையே கலைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் சொந்தப் பணமும் போனது. 1880இல் வெள்ளிச் சுரங்கம் நடத்தக் குடும்பத்தோடு இங்கே இறங்கினார். வாஷிங்டனில் விட்ட பழக்கத்தை இங்கே தொடர்ந்தார் என்று சொல்லலாம்: அணை, வாய்க்கால், மலையைக் குடைந்த சுரங்கப்பாதை, மின்சாரம். மெக்சிகோ சிட்டிக்கு அடுத்து மின்விளக்கு எரிந்தது இங்கேதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1902இல் குடல்வால் அழற்சியில் இங்கேயே இறந்தார். உடலை வாஷிங்டனுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய மாளிகை இன்று இடிந்த சுவர்களாக நிற்கிறது. ஆனால் ஒன்று: அந்தச் செல்வம் மலையில் தங்கவில்லை. மெக்சிகப் புரட்சி வந்தபின் சுரங்கங்கள் படுத்துவிட்டன, ஊரும் சுருங்கியது.

கே: ஊர்ப் பெயரோடு ஓர் ஆள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே?

ஆமாம், முழுப் பெயர் பாதோபிலாஸ் தெ மனுவேல் கோமெஸ் மொரீன். அந்த மனுவேல் 1897இல் இங்கே பிறந்தவர், 1939இல் தேசிய செயல் கட்சியைத் தொடங்கியவர். அந்தக் கட்சி 2000இல் நாட்டின் ஆட்சியைப் பிடித்தது.

கே: "தொலைந்த கோயில்" என்கிறார்களே?

ஊரிலிருந்து ஆற்றோடு கீழே போனால் சாத்தேவோ. 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் தேவாலயம். சுற்றிலும் பெரிதாக ஒன்றுமில்லை, திடீரென்று குவிமாடங்களோடு எதிரே நிற்கும். 1767இல் ஸ்பெயின் மன்னர் இயேசு சபையினரைத் துரத்தியபோது அதன் காகிதங்கள் போய்விட்டன என்பார்கள். அதனால் அந்தப் பெயர். கட்டடம் எங்கும் தொலையவில்லை.

கே: போகலாமா? பாதுகாப்பா?

மலைமேல் ரயில் நிற்கும் கிரேல் ஊரிலிருந்து சுமார் 140 கி.மீ. முன்பு மண்பாதை, இப்போது தார் போட்டுவிட்டார்கள். ஆனாலும் கொண்டை ஊசி வளைவுகள் குறையவில்லை. சுற்றுவட்டாரத்தில் கஞ்சாவும் அபினிச் செடியும் பயிரிடும் கூட்டங்கள் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். தனியாக மலைப்பாதையில் நடக்காதீர்கள், உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள், பகலிலேயே இறங்கிவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. கிரேலுக்கு ஸ்வெட்டர், கீழே பருத்திச் சட்டை. இரண்டும் ஒரே நாளில் தேவைப்படும்.