கேள்வி - பதில்: யார் கையில் பிடி?

கேள்வி: சர்வதேச உறவுகளில் வரும் 'நவதாராளவாதமும்' தனியார்மயத்தை வலியுறுத்தும் நவதாராளவாதமும் ஒன்றா?

பதில்: இல்லை. பெயர்ப் பொருத்தம்தான்; தேர்வு எழுதுவோர் வழுக்கி விழும் இடமும் இதுவே. தனியார்மயம், மானியக் குறைப்பு என்பவை பொருளாதாரக் கொள்கை. சர்வதேச உறவுகளில் இச்சொல், அறிஞர் ராபர்ட் கியோஹேன் போன்றோர் வளர்த்த நிறுவனக் கோட்பாட்டைக் குறிக்கும். நாடுகளுக்கு மேலே ஓர் அரசு இல்லை என்பதில் நாடுகளின் உறவை அதிகாரப் போட்டியாகவே பார்க்கும் யதார்த்தவாதி கென்னத் வால்ட்ஸோடு இதற்குச் சண்டையே கிடையாது. அப்படியிருந்தும் ஒத்துழைப்பு நீடிக்கும் என்கிறது. காரணம், நாடுகள் சேர்ந்து நடத்தும் பொது அமைப்புகள், அதாவது நிறுவனங்கள், தகவலைப் பகிர்கின்றன. வாக்கு மீறுபவரைக் காட்டிக்கொடுக்கின்றன.

கேள்வி: நாடுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் அதிகாரப் போட்டி குறையாதா?

பதில்: குறைய வேண்டியதில்லை. கியோஹேனும் ஜோசப் நையும் 1977-இல் சார்பின் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார்கள். அடி உடனே வலிப்பது ஒன்று. கொள்கையை மாற்றிய பிறகும் வலி தீராதது மற்றொன்று. 1973 எண்ணெய் நெருக்கடியில் விலையேற்றம் அமெரிக்கா, ஜப்பான் இரண்டையும் தாக்கியது. ஆனால் அமெரிக்காவிடம் சொந்தக் கிணறுகள் இருந்தன. ஜப்பானோ கிட்டத்தட்ட முழுவதும் இறக்குமதி. மாற்றுவழி யாருக்குக் குறைவோ, அவர் பிடி எதிராளி கையில். வர்த்தகத் தொகையை மட்டும் பார்த்து அதிகாரத்தை அளப்பது தவறாவது இதனால்தான்.

கேள்வி: அமைப்புகள் நடுநிலையானவையா?

பதில்: வாக்கு விதியைப் படியுங்கள். சர்வதேச நாணய நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு தேவை. அமெரிக்காவிடம் சுமார் 16 சதவீதம். தனியாகவே தடுத்துவிடலாம்.