குப்பியைத் திறக்கும் முன்: சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதம்) கேள்வி பதில்

கேள்வி: அக்கா, முதல் தடவையா ரீகாம்பினன்ட் (மரபணுவை வேறு செல்லில் புகுத்தித் தயாரித்த) ஐஎல்-2 என்ற சைட்டோகைன் வாங்கினோம். குப்பி காலியா இருக்கு. கம்பெனிக்கு மெயில் போடவா?

பதில்: போட்டுடாதீங்க! 10 மைக்ரோகிராம் உலர்ந்த புரதம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று விடுங்கள். கரைக்க எல்லாவற்றுக்கும் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) ஊற்றக்கூடாது. டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைனை 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கச் சொல்வார்கள். கூட வரும் தாளைத் தூக்கிப் போடாமல் படியுங்கள். வோர்டெக்ஸில் வைத்து வேகமாகக் குலுக்குவது மட்டும் வேண்டாம்.

கேள்வி: மனித இன்டர்ஃபெரான்-காமா (இன்னொரு சைட்டோகைன்) மிச்சம் இருக்கு. சுண்டெலி மேக்ரோஃபேஜுக்கு (கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்) போடலாமா?

பதில்: வீண் செலவு. அது இனம் தாண்டாது. ஐஎல்-2 கதை வேறு: மனித ஐஎல்-2-வின் வீரியத்தை அளப்பதே சிடிஎல்எல்-2 என்ற சுண்டெலி செல்களில்தான்.

கேள்வி: நாங்களே ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதம் மேக்ரோஃபேஜில் டிஎன்எஃப் என்ற அழற்சி சைட்டோகைனை எகிற வைக்குது. கைடு ரொம்ப சந்தோஷமா இருக்கார்.

பதில்: அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லை, ஆனால் கெடுத்துத்தான் ஆகணும். ஈ.கோலையின் மேலுறையில் இருக்கும் எல்பிஎஸ், அதாவது எண்டோடாக்சின், புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். மேக்ரோஃபேஜுக்கு அது நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே போதும். இதே ஆட்டத்தில் நான் இரண்டு மாதம் தொலைத்தேன். ஒருநாள் கொஞ்சம் புரதத்தை 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு செல்லில் போட்டேன். டிஎன்எஃப் அதே அளவு! புரதம் வெந்து போயிருக்கும். சூட்டுக்கு அசராத எல்பிஎஸ்தான் வேலை பார்த்திருக்கிறது. நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். பக்கத்திலேயே பாலிமிக்சின் பி என்ற ஆன்டிபயாட்டிக் சேர்த்த ஒரு கிணறும் (செல் வளர்க்கும் தட்டின் குழி) வையுங்கள், அது எல்பிஎஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனை, குதிரைலாட நண்டின் ரத்த செல்களிலிருந்து எடுக்கும் அதே சரக்கு. புரதத்தை அதன் ஹிஸ்-டேக் என்ற ஒட்டுவாலைப் பிடித்துப் பிரிக்கும் நிரலில் (column) ஒரு தடவை ஓட்டினால் சுத்தமாகிவிட்டது என்று மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: பேப்பரில் யூனிட் கணக்கு, குப்பியில் நானோகிராம். எப்படி மாற்றுவது?

பதில்: தாளில் இடி50, அதாவது பாதி விளைவு தரும் அளவு, இருக்கும். பத்து லட்சத்தை அந்த நானோகிராம்/மில்லி எண்ணால் வகுத்தால் ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் என்று வரும். இடி50 0.1 என்றால் ஒரு கோடி யூனிட். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் இதுவும் மாறும், பழைய கணக்கையே ஓட்டாதீர்கள். சர்வதேச யூனிட் என்று போட்டிருந்தால் இந்த வழி செல்லாது.

கேள்வி: மீதியை எப்படி வைக்கணும்?

பதில்: 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதம்) சேர்த்து, ஒருநாள் தேவைக்கேற்ற சின்ன அலிகாட்டாக (பங்காக) பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். பிஎஸ்ஏ இல்லாவிட்டால் பாதிப் புரதம் ட்யூப் சுவருக்கே போய்ச் சேரும். உருக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

கேள்வி: மூணு வருஷப் பழசு ஜிஎம்-சிஎஸ்எஃப் (அதுவும் ஒரு சைட்டோகைன்) கிடைச்சிருக்கு, அக்கா. தூக்கிப் போடணுமா?

பதில்: புதுசையும் பழசையும் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஐந்தாறு டோஸில் போட்டுப் பாருங்கள். பழசின் டோஸ்-விளைவு வளைவு வலப்பக்கம் நகர்ந்திருந்தால், அதாவது அதே விளைவுக்கு அதிக டோஸ் தேவைப்பட்டால், போடுங்கள் குப்பையில்.