அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. எடை குறைக்கும் பொடிக்கு போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாமல் என் கார்டில் ஆர்டர் போட்டிருக்கிறாள். இது இரண்டாவது தடவை. நானும் கணவரும் விளம்பரத்துக்கெல்லாம் மயங்குகிற ஆட்கள் இல்லை. "குண்டு, உனக்கு எதுக்குடி இந்தப் பொடி?" என்று கேட்டதற்கு (சின்ன வயதிலிருந்து செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவோம்) அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். போனைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். குழந்தைகளை மயக்கும் இந்த விளம்பரங்களிடமிருந்து அவளை எப்படி மீட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் பழக்கம். ஒன்றில் பொடி, இன்னொன்றில் க்ரீம், மற்றொன்றில் உயரம் கூட்டும் மாத்திரை. எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் நான் விளம்பரக்காரனைத் திட்ட வேண்டும். திட்டுகிறேன். அதற்கு முன்னால் அந்த அடைப்புக்குறியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அது ஒன்றுதான். நீங்களோ அதைப் போகிற போக்கில் உள்ளே தள்ளி மூடிவிட்டீர்கள்.

'லிஸ்டரின்' என்ற மருந்தின் கதை தெரியுமா? 1879-ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாகத்தான் அது பிறந்தது. வாய் கொப்பளிக்கும் மருந்தாக வீடு வீடாகப் புகுந்தது 1920-களின் விளம்பரங்களால். வாய் நாற்றம் என்ன, அன்றைக்குப் புதிதாகவா வந்தது? அதற்காக யாரும் ராத்தூக்கம் கெட்டதில்லை. கம்பெனி, வாய் நாற்றத்துக்கு மருத்துவர்களுக்கு மட்டும் தெரிந்த 'ஹாலிடோசிஸ்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்தது. விளம்பரத்தில் ஓர் அழகான பெண். தோழிகளுக்கெல்லாம் கல்யாணமாகிறது, இவளுக்கு மட்டும் ஆகவில்லை. காரணம் வாய் நாற்றம். அதை நெருங்கிய சிநேகிதிகூட வாய்விட்டுச் சொல்ல மாட்டாள் என்றது. படித்தவர்கள் கையை வாய்க்கு நேராக வைத்து ஊதிப் பார்த்திருப்பார்கள். முதலில் கூச்சத்தைக் கொடுப்பது, அப்புறம் பாட்டிலை நீட்டுவது. நூறு வருஷமாக இந்த வித்தை மாறவே இல்லை.

ஆனால் பாருங்கள், அந்தக் கம்பெனி கூச்சப்படுத்தும் சொல்லைத் தேடி அலைய வேண்டியிருந்தது. பொடி விற்கிறவனுக்கு அந்த அலைச்சல்கூட இல்லை. சொல்லை நீங்களே வீட்டில் தயாராக வைத்திருக்கிறீர்கள். "குண்டு, சாப்பிட வா." "குண்டு, கதவைத் திற."

'செல்லமாகத்தானே' என்பீர்கள். சொல்கிற வாய்க்கு அது செல்லம். 1977-ல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். உண்மையும் பொய்யும் கலந்த வாக்கியங்களைச் சில வார இடைவெளியில் மூன்று தடவை கேட்க வைத்தார்கள். சில வாக்கியங்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்தன. அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டவை, பொய்யாக இருந்தாலும், மாணவர்களுக்கு வர வர உண்மை போலத் தோன்றின. விளம்பரக்காரன் ஒரே படத்தைச் சலிக்காமல் ஓட்டுவது இந்தத் தைரியத்தில்தான். அங்கே மூன்றே தடவை. உங்கள் வீட்டில் 14 வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 'விளம்பரத்துக்கெல்லாம் மயங்குகிற ஆட்கள் இல்லை' என்ற அந்த வரி. ஒவ்வொரு கடிதத்திலும் இது இருக்கிறது! விளம்பரமும் பிரசாரமும் மற்றவர்களைத்தான் ஆட்டிவைக்கும், நம்மை ஒன்றும் செய்யாது என்று மனிதர்கள் நம்புவதைப் பற்றி டேவிசன் என்ற சமூகவியலாளர் 1983-லேயே எழுதிவிட்டார். அந்த இறுமாப்பில் இருக்கிற வீட்டில், இந்தப் படம் எப்படிப் பொய் சொல்கிறது என்று குழந்தைக்குக் காட்ட ஆளே இருக்காது. எல்லாருக்கும்தான் முன்பே தெரியுமே!

ஆகவே போனை அவளிடம் திருப்பிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, அந்த விளம்பரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு பாருங்கள். 'முன்பு, பின்பு' என்று இரண்டு படம் இருக்கும். 'முன்பு' படத்தில் மங்கலான வெளிச்சம், தொங்கிய தோள், தளர்த்திவிட்ட வயிறு, சிரிப்பில்லாத முகம். 'பின்பு' படத்தில் பக்கவாட்டில் வெளிச்சம், நிமிர்ந்த முதுகு, உள்ளே இழுத்த வயிறு, தலை வாரி ஒரு புன்னகை. மூச்சை இழுத்துப் பிடித்தால் அரை மணி நேரத்தில் இரண்டையும் எடுத்துவிடலாம். உங்களை வைத்தே எடுக்கச் சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். கீழே 'இன்னும் 10 நிமிடம்தான்' என்று ஒரு கடிகாரம் ஓடும். அது முடிந்ததும் பக்கத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள். பல இடங்களில் அதே 10 நிமிடம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

சட்டம் வேண்டாமா என்றால், வேண்டும். உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் 'இது திருத்தப்பட்டது' என்று முத்திரை போட வேண்டும் என நார்வே 2021-ல் சட்டம் கொண்டுவந்தது. மறு வருஷம் அமலுக்கும் வந்தது. நல்ல சட்டம். ஆனால் வீட்டுக்குள் வைக்கிற பெயருக்கு எந்த அரசாங்கமும் முத்திரை போட முடியாது. அது பெற்றவர்கள் வேலை. பிள்ளை தன் உடம்பைப் பற்றிக் கேட்கிற முதல் வார்த்தை தாயிடமிருந்துதான் வருகிறது, அந்தப் பொறுப்பைக் கம்பெனிக்காரன் தலையில் கட்ட நான் சம்மதிக்க மாட்டேன். நீங்களும் கணவரும் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஆம், மன்னிப்புதான். 'விளையாட்டுக்குச் சொன்னோம்' என்று சேர்த்துக் கேட்பதானால் கேட்கவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு நிஜமாகவே கோபம். கார்டைப் பற்றி எழுதினீர்கள், போனைப் பிடுங்கியதை எழுதினீர்கள். அவள் அந்தப் பொடியைக் குடித்தாளா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் தடவை வாங்கிய டப்பா எங்கே? அதில் எவ்வளவு மிச்சம்? சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறாளா? இன்றைக்கே கேளுங்கள், அதட்டாமல். குடித்திருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவர் பார்க்கட்டும். அங்கே காத்திருக்கும்போது, நாலு பேர் எதிரில், வாய் தவறிக்கூட அவளைப் பழைய பெயரில் கூப்பிட்டுவிடாதீர்கள்.