முதல் முறையாக ஊர்வன வளர்க்கிறவர் பச்சை இகுவானா எடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் இதுவரை ஊர்வன எதையும் வளர்த்ததில்லை, சென்னையில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு, கடையில் பார்த்த இகுவானா என்கிற பெரிய பல்லியின் குட்டி மேல் ஆசை வந்துவிட்டது. வேண்டாம் என்பதுதான் என் பதில். இதே ஆசையில் விழுந்து ஏழு வருடமாக ஒன்றை வைத்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

கடையில் அது ஒரு சாண் நீளம், பச்சைப் பசேலென்று ஓணான் குட்டி மாதிரி விரல் மேல் உட்கார்ந்திருக்கும். என்னுடையது இப்போது வாலோடு சேர்த்து ஐந்தடி, நான்கு கிலோவுக்கு மேல். ஆறடியைத் தொடுகிற ஆண்களும் உண்டு. "தொட்டி சின்னதா இருந்தா இதுவும் சின்னதாவே இருக்கும் சார்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். பொய். இட நெருக்கடியில் உடம்புதான் கெடும். மரத்தில் வாழ்கிற பிராணி என்பதால் உயரம் வேண்டும். ஆறடி உயரம், ஆறடி நீளம், மூன்றடி ஆழத்தில் ஆசாரியை வைத்துக் கூண்டு அடித்தேன், அதுவே குறைந்தபட்சம்தான். உங்கள் இரண்டு படுக்கையறையில் ஒன்று அதற்குப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த பெரிய தப்பு விளக்கு விஷயத்தில். கடையில் கொடுத்த சாதாரண மஞ்சள் பல்பைப் போட்டுவிட்டு, ஜன்னல் ஓரம் வைத்தால் வெயில் போதும் என்று இருந்தேன். கண்ணாடி, வெயிலிலுள்ள யுவிபி என்கிற புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பது அப்போது தெரியாது. அந்தக் கதிர் படாவிட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் தின்கிற சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாது, கடைசியில் உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். எட்டாம் மாதம் பின்னங்கால் நடுங்க ஆரம்பித்தது, கீழ்த்தாடை ரப்பர் மாதிரி அமுங்கியது. முதலில் போன மருத்துவமனையில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். ஊர்வன பார்க்கிற டாக்டரைத் தேடிப் பிடிக்கவே நாலு நாள் ஆனது. பிழைத்துவிட்டது, ஆனால் முதுகில் ஒரு கோணல் இன்னும் இருக்கிறது, குளிப்பாட்டும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. யுவிபி ட்யூப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோகும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றியாக வேண்டும். அப்புறம் வெயில் காய ஒரு மூலையில் 35 டிகிரி, மறுபக்கம் 26, 27. சென்னைப் புழுக்கம் அதற்குப் பிடிக்கும், ஏசி அறைதான் ஆகாது.

சாப்பாடு மட்டும் நம் ஊரில் சுலபம். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், கொஞ்சம் பூசணிக்காய். பாலக்கீரையைத் தினமும் போடக்கூடாது, அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டை, கறி, நாய்க்குப் போடுகிற உணவு எதுவும் ஆகாது, சிறுநீரகம் போய்விடும்.

குணம்? நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். உச்சந்தலையில் நிழலை உணர்கிற மூன்றாவது கண் ஒன்று உண்டு, அதனால் மேலிருந்து கை நீட்டினால் பருந்து வந்துவிட்டதென்றுதான் பதறும். ஆணாக இருந்தால் இனப்பெருக்கக் காலத்தில் சில வாரம் ஆளே மாறிவிடும். என் கையில் கீரை வாங்கித் தின்கிற என்னுடையதே ஒருநாள் வாலைச் சாட்டை மாதிரி வீசி என் முழங்காலுக்குக் கீழே தடிக்கவைத்தது. பெண்ணாக இருந்தால் ஆண் துணை இல்லாமலே முட்டை உருவாகும், முட்டையிட இடம் இல்லாவிட்டால் அவை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லவே முடியாது. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் பேச்சே வேண்டாம், சால்மோனெல்லா கிருமி இருக்கும்.

சட்டமும் உண்டு. இகுவானா, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிற இனம். வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்தையும் 2024 விதிகளையும் ஒட்டி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். காகிதம் இல்லாமல் விற்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். (உடும்பு வளர்த்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: அது அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு, வளர்ப்பதே குற்றம். என் பக்கத்து வீட்டுக்காரர் என் இகுவானாவை உடும்பு என்று நினைத்து வனத்துறைக்குப் போன் போட்டது தனிக்கதை.)

நன்றாக வளர்த்தால் 15, 20 வருடம் இருக்கும். அதற்குள் கல்யாணம், வேலை மாற்றம், வாடகை வீடு எத்தனை! ஃப்ளோரிடாவில் இப்படி அலுத்துப்போய் விட்டவையும் தப்பியவையும் பெருகி, 2021இல் அங்கே செல்லப்பிராணியாகப் புதிதாக வாங்குவதையே தடை செய்துவிட்டார்கள்.

பல்லி இனம்தான் வேண்டுமென்றால் பியர்டட் டிராகனைப் பாருங்கள், இரண்டடிக்கு மேல் போகாது, சாதுவானது. அதற்கும் யுவிபி வேண்டும், ஆனால் ஒரு மேஜை அளவு இடம் போதும்.

இகுவானாவேதான் என்றால் குட்டி வாங்குமுன் கூண்டைக் கட்டி விளக்குகளை மாட்டி, காலியாகவே ஒரு மாதம் ஓட்டுங்கள். தினமும் காலையில் வெப்பமானியைப் பாருங்கள், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று பாருங்கள். அந்த மாத கரண்ட் பில்லை வீட்டில் காட்டிவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.